சமத்துப் பிள்ளையின் எடை

"உனக்குக் கல்யாணமே ஆகல. நீ வந்து எனக்குப் பிள்ளை வளக்கச் சொல்லித் தர்றியா?"

கிராம சுகாதார செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் லூர்து அக்கா இப்படிக் கேட்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நானோ, நடவு நடுகிற வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். தொங்கு தராசும் பதிவேடும் உள்ள பையோடு தெருவில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை போல.

அவருடைய நாத்தனார் ஆரோக்கியமேரி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் சில நாள் வைத்திருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். மூன்று நாள் கழித்தும் அதே தொள்ளாயிரம். அடுத்த முறை ஒரு கிலோ எண்ணூற்று எழுபது.

தினமும் இருபது, முப்பது கிராம் ஏற வேண்டிய பிள்ளை. மேரிக்குப் பால் இருந்தது. நான் பன்னிரண்டு மணிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை ஆவேசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கிற பாலெல்லாம் எங்கே போகிறது?

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். "ரெண்டு நாள் பாரு. ஏறலைன்னா அட்மிஷன்தான். சப்புறது குறைஞ்சா அன்னைக்கே அனுப்பிடு" என்றார்.

"மறுபடியும் பெட்டியா சிஸ்டர்?" மேரிக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளை அழுவுதா?" என்று கேட்டேன்.

லூர்து அக்கா பெருமையாகச் சொன்னார்: "இதுவா? சமத்து! காலையில குளிப்பாட்டிப் போட்டா அஞ்சு மணி நேரம் அசையாது. நான் பெத்த மூணுல ஒண்ணாவது இப்படித் தூங்கியிருக்குமா?"

அந்த அஞ்சு மணி நேரம் என்னை உறுத்தியது. காலையில் துணை சுகாதார நிலையத்தில் வேலை என்பதால் அந்த நேரத்தில் நான் இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கே போனேன். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு பழகிய கை! நானே வேடிக்கை பார்த்து நின்றுவிட்டேன். பிறகு சாம்பிராணி. பிள்ளை அப்படியே தூங்கிவிட்டது. நடவு ஆட்கள் வந்திருப்பார்கள் என்று அக்கா வயலுக்குக் கிளம்பினார்.

"ஒரு நிமிஷம் அக்கா. புறங்கையை இது வயித்துல வைங்க. இப்ப பாதத்துல வைங்க."

வைத்துப் பார்த்தார். "என்னடி, பாதம் ஜில்லுனு கெடக்கு?"

"சின்ன உடம்புக்கா, வெந்நீர் ஊத்தினாலும் சூடு நிக்காது. குளிச்ச அசதியில பசியே மறந்து தூங்குது. மூணு வேளைப் பால் போயிடுது."

"குளிப்பாட்டாம விட்டா நாறிப்போகாது?"

"ஈரத்துணியால துடைச்சு உடனே போத்துங்க, போதும். ரெண்டரை கிலோ வரட்டும், அப்புறம் நீங்களே ஊத்துங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுக்கணும்."

"தூங்குற பிள்ளையையா? பாவம்டி!"

பிள்ளையை மேரியின் வெற்று மார்போடு சேர்த்துப் படுக்கவைத்துச் சேலையால் மூடினேன். அக்கா வயலுக்குப் போகவில்லை. கணவருக்கு போன் போட்டு, "நடவை நீங்களே பாத்துக்குங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் பாதம் சூடானது. பிள்ளை வாயைத் திறந்து மார்பைத் தேடியது. அக்கா போனில் அலாரம் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் தராசை அவரே குனிந்து படித்தார். தொள்ளாயிரத்து இருபது. "உன் தராசு சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டு மறுபடி தொங்கவிடச் சொன்னார். அதே தொள்ளாயிரத்து இருபது. மேரி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தப்பு என்னுடையதும்தான். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்துக்குப் போய், பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாயிடம் மட்டும் பேசினேன். குளிப்பாட்டுகிற கையோடு பேசவில்லை.

கீழத்தெரு சுகன்யாவுக்கு இது ஒன்பதாம் மாதம். நேற்றுக் காலை ஏழு மணிக்குப் போய், "பிள்ளை பிறந்தா குளிப்பாட்டப் போறது யாரு?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அத்தையைக் காட்டினாள். அந்த அத்தையோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.