அம்மா கேட்ட பேண்டு

திண்டிவனத்தில் மகளுக்காகப் பள்ளி வாசலில் காத்திருந்தேன். உள்ளே பேண்டு ஒத்திகை தொடங்கியது. அந்த டிரம் சத்தம் என்னை விழுப்புரத்தில் நான் படித்த பள்ளிக்கே கொண்டுபோய்விட்டது.

ஒரு வருடம் ஆண்டு விழாவில் வாசிக்க எங்கள் பேண்டுக்கு மிக வேகமான பாட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பகுதியில் என் சின்ன டிரம் எப்போதும் பின்தங்கிவிடும். பெரிய டிரம் அடித்த தோழி மும்தாஜ், "என் கையப் பாத்துக்கினே அடிடி" என்றாள். அப்படியே அடித்தேன். விழா அன்றைக்குத் தாளம் தப்பவில்லை.

காய்ச்சலில் காது கேட்காமல் போயிருந்த அம்மா, புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் என் வியர்த்த கைகளை முந்தானையால் துடைத்தாள்.

"பெரிய டிரம்மு நெஞ்சுல இடிச்சுதுடி. உன்னுது கேக்கல. உன் கை போற வேகத்தப் பாத்து மனசுக்குள்ளயே கேட்டுக்கினேன்" என்றாள்.