கவிழ்த்து வைத்த சீட்டு

என் மனைவியின் தம்பி லாஸ் வேகாஸில் போக்கர் விளையாடுகிறான். பொழுதுபோக்குக்கு அல்ல, அதுதான் அவனுடைய தொழில். எனக்கு அவனைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்கள் நான் சொல்வதில் வேண்டிய அளவு கழித்துக்கொள்ளலாம்.

போன ஒக்டோபரில் நானும் மனைவியும் இரண்டு கிழமை அவன் வீட்டில் தங்கினோம். மணல் நிறத்தில் ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக நின்றன. எல்லா வீட்டிலும் கார் நிறுத்தும் அறைக்குள் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி இருந்தது. நல்ல அகலமான நடைபாதை போட்டிருந்தார்கள், நடப்பதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டாம் நாள் காலை மனைவி பால் வாங்க நடந்து போனபோது ஒரு பெண் காரை நிறுத்தி, உங்கள் கார் பழுதாகிவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். பத்து நிமிட நடையை அந்த ஊரில் ஒரு விபத்தாகத்தான் பார்க்கிறார்கள். கடைக்காரர் ஒவ்வொருவரும் நலம் விசாரித்தார்கள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்தவரை விசாரிக்கப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை அவனுடைய சகபாடிகள் இறைச்சி வாட்ட வந்தார்கள். தொலைக்காட்சியில் வருகிறவர்களாம். ஒருவர் சாப்பிடும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்னொருவர், மார்ச் மாதத்தில் தான் தோற்ற ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு ஆங்கிலம் முழுதும் விளங்காது, ஆனால் ஒப்பாரி விளங்கும். மற்றவர்கள் தங்கள் ஒப்பாரிக்கு முறை வரும்வரை காத்திருந்தார்கள். எட்டுப் பேர் ஒரே மேசையில் இருந்தும் ஒருவருக்கும் சோடி இல்லாத விளையாட்டு அது. அதை வருடக்கணக்கில் விளையாடினால் மனிதர் இப்படித்தான் ஆவார்கள் என்று அன்றைய குறிப்பில் எழுதினேன்.

குறிப்பு என்றால், ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து நான் எழுதிவரும் கொப்பிகள். நாள், கிழமை, வெயிலா மழையா, வந்த கடிதம், வந்துபோன ஆள். எழுதியதைப் பிறகு திருத்துவதில்லை என்பது என் விதி. வரலாற்று நூல்களை நிறைய வாசித்திருக்கிறேன். பிந்தித் திருத்தியவர்களின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இந்த வருடம் ஏப்ரலில் அவன் ஓர் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில் பேசியதைக் கொலோனில் வேலைசெய்யும் எங்கள் மகள் எங்களுக்கு அனுப்பினாள். மனைவி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோதுதான் தான் ஒரு விளையாட்டுக்காரன் என்பதைக் கண்டுகொண்டதாக அவன் சொன்னான். ஒரு ஞாயிறு, பீட்சாக் கடையில் மா குழைத்த கையோடு வந்து குந்தினானாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய தொகை கேட்டு, முகத்தில் ஒரு அசைவும் காட்டாமல் வென்றானாம். சீட்டுகளில் மா ஒட்டியிருந்ததாம்.

மனைவி கத்தியை வைத்தாள்.

“அது நான்” என்றாள்.

அது அவள்தான். நான் சாட்சி, அவளுக்கு எதிரே சோடியாக இருந்தவன் நான். ஹைம் என்று நாங்கள் சொல்லும் அந்த அகதி முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில் ஞாயிறுதோறும் மதியம் நாங்கள் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். நாலு பேர், இரண்டு சோடி. எடுக்கப்போகும் புள்ளியைக் கூட்டிக் கேட்டவர் துரும்புச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன வகை என்று அவருக்கு மட்டுமே தெரியும். தோற்ற சோடி அடுத்த ஆட்டம் முடியும்வரை உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் கவ்வவிட்டபடி இருக்கவேண்டும். நானும் மச்சானும் ஒரு சோடி, பக்கத்து அறை அண்ணைமார் இருவரும் மற்றச் சோடி. அந்தப் பெப்ரவரி ஞாயிறு அவனுக்குக் கடையில் வேலை. ஆள் குறைந்ததால், ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டோம். கையைக்கூடக் கழுவாமல் வந்து குந்தினாள். கையில் ஒரு வீரன்கூட இல்லை. எங்கள் ஆட்டத்தில் ராசாவைவிட ஜாக் எனும் வீரன்தான் பெரியவன். இருநூற்றைம்பது கேட்டாள். அண்ணைமார் துரும்பைப் பிழையாக ஊகித்து, நல்ல சீட்டுகளை இறக்கப் பயந்து கையில் வைத்தே வீணாக்கினார்கள். இருவர் காதிலும் கிளிப்பை மாட்டியவளும் அவள்தான். பிறகு ரொட்டி சுடப் போய்விட்டாள்.

வானொலியைக் கேட்ட அன்று பின்னேரம் மனைவி மகளுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள்.

“அம்மா, மாமா பொய் சொல்லுவாரோ? அவர் எல்லாத்தையும் வடிவா விளக்கமாச் சொல்லுறார். நீங்கள் ஒருநாளும் இதைப் பற்றிக் கதைச்சதில்லையே.”

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டாள். இந்த நாட்டில் அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள், பிள்ளை வளர்த்தாள், மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுத்தாள். அவளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது அந்த ஒரு ஆட்டம். மகள் அதை நம்பவில்லை.

ஜூனில் மச்சான் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்தான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மகளையும் கூப்பிட்டேன். நிலவறையில் இருந்து முகாமில் இருந்த வருடத்துக் கொப்பியை எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. சபையில் வைத்துத்தான் பிரிக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசை எனக்கு இருந்தது.

அவன் சாப்பிட்டு முடித்து, சட்டைப்பையில் இருந்த இரண்டு போக்கர் வில்லைகளை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன அத்தான், இன்னும் மழை வெயில் எழுதிறியளோ?”

“ஓம். நீ எங்கை இருந்தனி எண்டும் எழுதியிருக்கிறன்.”

கொப்பியைப் பிரித்தேன். ஞாயிறு ஆட்டக் கணக்குக்கு நாலு நிரல்கள், மேலே நாலு பெயர்கள். பெப்ரவரி, இரண்டாவது ஞாயிறு, மழை. என் கையெழுத்தில்: இருநூற்றைம்பது கேட்டு வெற்றி, எதிர்பாராதது. அது எழுதியிருந்த நிரலின் தலையில் அவனுடைய பெயர்.

அப்போதுதான் நினைவு வந்தது. யார் வந்து குந்தினாலும் கதிரை யாருடையதோ அவருடைய நிரலில்தான் எழுதினேன். ஐந்தாவது நிரல் போட்டால் பக்கம் அழகாக இராது.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, மாமான்ரை பேர்தானே கிடக்குது.”

“பாத்தியளே” என்றான் அவன். வில்லைகள் உருண்டன. “அத்தான் எழுதினா எழுதினதுதான்.”

நான் பேனாவை எடுத்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

“இப்ப எழுதினா இவன் றேடியோவிலை சொன்னதுக்கும் நீங்கள் எழுதிறதுக்கும் என்ன வித்தியாசம்? வையுங்கோ.” பிறகு அவனைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கும் அந்த முகம்தான். “தம்பி, அண்டைக்குத் துரும்பெண்டு என்ன சீட்டைக் கவிட்டு வச்சனி?”

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தொழில் அல்லவா.

“ஆட்டின் ரெண்டு. இருக்கிறதிலேயே சின்னன். அதிலைதானே அக்கா விளையாட்டே இருக்கு.”

மகள்தான் முதலில் சிரித்தாள். “மாமா, முன்னூற்றிநாலிலை ரெண்டே இல்லை.”

ஆட்டினிலும் இல்லை, மற்ற மூன்று வகையிலும் இல்லை. ஏழுக்குக் கீழே உள்ளதெல்லாம் விளையாட்டுத் தொடங்க முன்பே பெட்டிக்குள் போய்விடும். ஐம்பத்திரண்டு சீட்டோடே வாழ்ந்து அவனுக்கு அது மறந்துவிட்டது. வில்லை ஒன்று கீழே விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. அவன் குனிந்து எடுத்தான், எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“கன காலம் அக்கா” என்றான் நிமிர்ந்து. “கதை நல்லாயிருந்துது, அதுதான் சொன்னனான். ஆரும் கேட்டுப் பாத்தவையே?”

“உனக்கு ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். அண்டைக்கு ரொட்டி தந்தபோது.”

நாலு மணிக்கு அவனை டுசல்டோர்ஃப் விமானநிலையத்துக்கு மகள் கொண்டுபோனாள். வாசலில் தாயைக் கட்டிப்பிடித்து, “சொறி அம்மா” என்றாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

மனைவி கொப்பியின் முன்னால் இருந்தாள்.

“வாசியுங்கோ.”

வாசித்தேன். பெப்ரவரி, மூன்றாவது ஞாயிறு, அவன் பெயர் போட்ட நிரல்.

“அது நான்.”

அதற்கடுத்த ஞாயிறு.

“அது தம்பி. அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகேல்லை.”

மார்ச், முதல் ஞாயிறு, வெயில்.

“நான்.”

கொப்பி முடியும்வரை வாசித்தேன். எங்கும் அவள் தடுமாறவில்லை. மழையா வெயிலா என்றுகூட இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினாள். என் மனதில் அவன்மேல் கிடந்த வெறுப்பை இறக்கிவைக்க இடம் தேடினேன். அவன் விமானத்தில் ஏறியிருப்பான்.

“இஞ்சை பார்” என்றேன் கடைசியில், “அண்டைக்கு நீ கவிட்டு வச்ச சீட்டு என்ன? நான் உன்ரை சோடி, எனக்கே ஞாபகமில்லை.”

அவள் எழுந்து, அவன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை எடுத்தாள்.

“கொப்பியிலை பாருங்கோ” என்றாள்.