ரேடியோ அக்கா வாயில் ஸ்க்ரூ

வீடு காலி பண்ணிக் கொடுக்கும் தொழிலில் ரேடியோ அக்காவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெரியவர் போய்ச் சேர்ந்த வீடோ, அண்ணன் தம்பி சண்டையில் பூட்டிக் கிடந்த வீடோ, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டால் நிம்மதி. சாமான் ஒன்றும் மிச்சமிருக்காது. குடும்ப ரகசியமும் மிச்சமிருக்காது என்பதுதான் சின்னக் குறை. எந்த மாமியார் எதைப் பீரோவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள் என்பது மறுநாளே கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ரேடியோ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அவர் கல்யாணமான நாளிலிருந்து பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். கட்டில் கழற்றும்போது மட்டும் அவர் காதுக்கு ஓய்வு. ஸ்க்ரூக்களைத் தொலைக்காமல் இருக்க அக்கா ஒவ்வொன்றாக உதட்டுக்குள் செருகிக்கொள்வாள். அதனால் கட்டில் அதிகமுள்ள வீடென்றால் மனுஷன் விசிலடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார்.

கதவைத் தட்டும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. காலி வீட்டில் யாருக்காகத் தட்டுவது? அதே தோரணையில் ஆள் இருக்கும் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவாள். மைத்துனர் குளித்துக்கொண்டிருந்தபோது நுழைந்த கதை சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னும் ஓடுகிறது.

அவளுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன் ஒரு ஏஜென்ட். காலையில் கொண்டுவந்து இறக்குவான், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போவான். கூலியும் அவன் கையில்தான். சில மாதமாக ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் வந்துகொண்டிருந்தார்கள். "தங்கமான பசங்க. லீவே கேக்கறதில்ல" என்று அக்கா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ஏன் லீவு கேட்பதில்லை என்று கேட்க மட்டும், உலகத்தில் எல்லாவற்றையும் கேட்கிற அவளுக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்ததும், வீட்டுக்காரர்கள் வேண்டாமென்று விட்டதில் ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அக்கா வைத்திருந்த வழக்கம். இந்த இருவரும் எதையும் தொடமாட்டார்கள். ஒருநாள், கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்து மறைந்த வீட்டில், அக்கா பிடிவாதமாக நின்றுவிட்டாள். நெட்டையன் தயங்கித் தயங்கி, வாத்தியாரின் பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்தான்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்டா தம்பி, சுவர்க் கடிகாரம் இருக்கு, நல்ல நாற்காலி இருக்கு. போயும் போயும் தாழ்ப்பாளா? உன் ரூம்ல என்ன புதையலா இருக்கு?"

"எங்க ரூம்ல உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லக்கா. வெளிப்பக்கம்தான் இருக்கு."

"வெளிப்பக்கம் மட்டும் வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"நாங்க உள்ள போனதும் ஏஜென்ட் பூட்டிடுவாரு. காலையில வந்து திறப்பாரு." குட்டையன் முழங்கையால் இடித்தான். நெட்டையன் தாழ்ப்பாளைப் பார்த்தபடியே சொன்னான்: "உள்ள ஒண்ணு இருந்தா, நாங்களாத்தான் பூட்டிக்கிட்டோம்னு நினைச்சிக்கலாம்ல."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "உங்க ஆதார் கார்டு, போனெல்லாம்?"

"அவருகிட்ட."

"கூலி?"

"நீங்க அவருகிட்டதானக்கா குடுக்கறீங்க" என்றான் அவன். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

வேனுக்குள் உட்கார்ந்து தொழிலாளர் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா, நாங்க இடத்தைக் கண்டுபிடிச்சு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அந்தப் பசங்ககிட்டகூட வேணாம். ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தா அவங்களை வேற ஊருக்கு மாத்திடுவான். அப்புறம் நம்மால தேட முடியாது. எப்பவும் போல சாதாரணமா இருங்க."

வீட்டுக்காரர் வாய் திறந்தார். "உனக்குச் சாதாரணம்னா பேசறது. பேசினா உளறிடுவ. பேசலன்னா அவன் சந்தேகப்படுவான்."

பேசாமல் இருப்பதைவிட அக்காவுக்குக் கொடுமை, தாழ்ப்பாளைத் திரும்ப வாங்கியது. ஏஜென்ட் அதைப் பையில் பார்த்தால் கேள்வி வரும். "இங்க குடு, இதெல்லாம் உனக்கு வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டாள். நெட்டையன் முகம் வாடிப்போனதைப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வீட்டில், சாயங்காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே ஏஜென்ட் வந்து, சாவகாசமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் தலையைப் பார்த்ததுமே அக்கா கட்டிலடியில் புகுந்துவிட்டாள். கழற்றத் தேவையே இல்லாத கட்டில். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி வாயை நிரப்பிக்கொண்டாள்.

"என்னக்கா, ரேடியோ இன்னிக்கு ஓடலையா?"

"ம்ம்."

"பசங்க ஏதாவது வம்பு பண்றாங்களா?"

அடப் பாவி, உன்னை என்ன செய்தால் தகும் என்பது நாக்கு நுனி வரை வந்து ஸ்க்ரூவில் முட்டி நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது. ஏஜென்ட் குனிந்து அவள் முகத்தைப் பார்க்கப் போனான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். வேன் கிளட்ச் தேய்ந்ததைச் சொன்னார். மெக்கானிக் ஏமாற்றியதைச் சொன்னார். பக்கத்து வீட்டு நாய்க்கும் தனக்கும் உள்ள பகையை அடி முதல் நுனி வரை சொன்னார். ஏஜென்ட் கொட்டாவி விட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடியே போனான். மனுஷன் அன்றைக்கு ஒரு போஸ்ட் கார்டு இல்லை, ஒரு கட்டு போஸ்ட் கார்டு பேசிவிட்டார்.

அன்று ஏஜென்டின் வண்டியைப் பின்தொடர்ந்து இடத்தைக் கண்டுபிடித்த அதிகாரிகள், மறுநாள் விடிந்ததும் போய் அந்த அறையை வெளிப்பக்கமிருந்து திறந்தார்கள். உள்ளே இந்த இருவர் மட்டும் இல்லை, இன்னும் பலர் இருந்தார்கள். ஏஜென்டைப் போலீஸ் கூட்டிப் போனது. அதன்பின் அக்கா யாரிடமும் மொத்தமாக ஆள் எடுப்பதில்லை. வருகிறவனை நேரில் பார்த்து, "உன் ரூம்ல தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்று முதலில் கேட்பாள். பைத்தியமோ என்று பார்ப்பார்கள். கூலியை அவனவன் கையில் கொடுக்கிறாள்.

நெட்டையனும் குட்டையனும் சொந்தமாக ஒரு அறை வாடகைக்குப் பிடித்தார்கள். அக்கா தாழ்ப்பாளோடு போய் நின்றாள். நெட்டையன் அதையே பார்த்தான். குட்டையன் பிடித்துக்கொள்ள, அவளே உள்பக்கம் வைத்து முடுக்கினாள். "நான் வெளிய நிக்கறேன். போட்டுப் பாருங்கடா" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா பழக்க தோஷத்தில் கதவைத் தள்ளக் கை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கி, மெல்லத் தட்டினாள்.

"யாரு?" என்றது நெட்டையன் குரல்.

"நான்தான்டா, ரேடியோ."

"இருங்கக்கா, வரேன்."

ஆனால் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாளைத் திறப்பதும் மறுபடி போடுவதுமாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, வாயில் ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல், ரேடியோ அக்கா பேசாமல் வெளியே நின்றாள்.