மஞ்சள் தடவிய மகாராணிகள்

ஐரோப்பாவில் எந்த அரண்மனையில் யார் கண்ணை மூடினாலும், கடல் கடந்த சிலிபின் ஊரில் பிச்சைமுத்துவின் வீட்டில்தான் முதலில் துக்கம் விழும். சொந்த மாமனாரின் கருமாதிக்குப் பாதியில் வந்து சேர்ந்த மனிதர், பெயரைக்கூட உச்சரிக்க வராத ஒரு கோமகனின் சாவுக்கு அன்றைக்கே இரங்கல் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். அரச குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் வாழ்த்து, அதற்குப் பல் முளைத்தால் இன்னொரு வாழ்த்து. வயிற்றுப்பாட்டுக்குத் தொழிற்சாலை வேன் ஓட்டினார். மற்ற நேரமெல்லாம் அரச காரியம்தான்.

அரண்மனைக்காரர்களும் மரியாதை தெரிந்தவர்கள். தடித்த அட்டையில் நன்றி வரும், கீழே நீல நிறத்தில் கையெழுத்தோடு. பிச்சைமுத்து அதைக் கல்யாணப் பத்திரிகை போலச் சாமி மேடையில் வைத்து, நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தடவுவார். கையெழுத்தின் மேல் கூடுதலாக ஒரு பொட்டு. அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார். பத்து காஜா ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டிய அவர் அப்பாவுக்குத் தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தந்ததில்லை. மகனுக்கோ மகாராணிகளே எழுதினார்கள்.

ஒரே இடைஞ்சல், பக்கத்து வீட்டுத் தம்பிமுத்து. யாழ்ப்பாண வம்சம், அரசாங்கத்தில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

"எல்லாம் அச்சடிச்சது, ஐசே. ஒரு ராணியும் பேனையைத் தொட்டிருக்க மாட்டா. கையால எழுதின ஒண்டைக் காட்டும், நான் எழும்பி நிண்டு கும்பிடுறன்."

"காட்டுறேன் சார். காட்டாம விடமாட்டேன்லா."

அன்றிலிருந்து பிச்சைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவர் வெறும் அச்சுக் காகிதம் என்றால், அவரும் வெறும் வேன் டிரைவர்தானே.

அந்தச் சமயத்தில் ஒரு குட்டி நாட்டின் கிழ இளவரசி குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பிச்சைமுத்து தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நல்லெண்ணெய் ஒத்தடத்தைச் சிபாரிசு செய்தார். பதில் வந்தது. அட்டை இல்லை, சாதாரணத் தாள். நடுங்கும் கையால் நீல மையில் எழுதிய சில வரிகள். ஒத்தடத்தைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டாராம். இப்போதெல்லாம் தனக்கு யாரும் எழுதுவதில்லையாம். உங்கள் ஊரில் மழை பெய்கிறதா என்று கடைசியில் கேட்டுத் தன் பெயரை எழுதியிருந்தாள்.

தம்பிமுத்து அப்போது சித்தியவானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை கடிதம் பிச்சைமுத்துவின் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. வந்த அன்றே தேநீருக்கு அழைத்துவிட்டு, மஞ்சளைக் குழைத்தார். நான்கு மூலையும் ஆயிற்று. கையெழுத்தின் மேல் பொட்டு வைத்தார், இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே.

இளவரசியின் பெயர் கரைந்து, பச்சையாகி, தாளோடு வழிந்தது.

தம்பிமுத்து வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மை கரைஞ்சிருக்கு. இது கையால எழுதினதுதான், ஐசே." சொன்ன சொல் தவறாமல் எழுந்து நின்று கும்பிட்டார். பிச்சைமுத்து அதைப் பார்க்கவில்லை. அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. அங்கே அத்தனை சட்டங்களிலும், காய்ந்த மஞ்சளுக்கு அடியில், மகாராணிகளின் கையெழுத்துகள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஒன்றுகூடக் கரைந்திருக்கவில்லை. தம்பிமுத்து சொன்னதுபோல அத்தனையும் அச்சு.

அவர் மனைவி விமலா தேநீரை வைத்துவிட்டுத் தாளை எடுத்து வாசித்தாள்.

"மழ பேயுதான்னு கேட்டிருக்காங்களே, பாவம். பதில் போட்டீங்களா?"

செத்தவர்களுக்காக அன்றைக்கே எழுதிய மனிதருக்கு, உயிரோடு கேட்டவளுக்குப் பதில் எழுதத் தோன்றவே இல்லை.