முதல் வாய் அப்பாவுக்கு

சின்னண்ணன் வேலாயுதம் இறந்த செய்தியை விழுப்புரத்திலிருந்து பெரியண்ணன்தான் போனில் சொன்னார். “மகேசு, நம்ம சின்னவன் போயிட்டான்மா. அந்தப் பொண்ண எதுனா ஹோம்ல வுட்டுடலாம்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

திண்டிவனம் பஸ் டெப்போவில் சின்னண்ணனோடு கண்டக்டராக இருந்தவர்களுக்குச் செல்வியைத் தெரியும். அண்ணனின் ஒரே மகள், தாயில்லாப் பெண். கல்லூரியில் படிக்கும்போதே அவள் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். சோற்றில் விஷம் இருப்பதாக அந்தக் குரல்கள் சொல்லும். மனச்சிதைவு என்றார் டாக்டர். அண்ணன் அவளோடு வாதாடவே மாட்டார். “மொதல் வாய் அப்பாவுக்கு” என்று அவள் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுவார். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளும் சாப்பிடுவாள். அப்புறம் மாத்திரையும் போட்டுக்கொள்வாள்.

பெரியண்ணன் மகள் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தது. பந்திக்குப் போன செல்வியை அவர் வழிமறித்து, சின்னண்ணனிடம் சொன்னார். “சம்பந்திங்க பாக்கறாங்கடா, பேஜாரு பண்ணாத. பார்சல் கட்டித் தர்றேன், ஜல்தியா கூட்டிக்கினு போ.” கூடப்பிறந்தவன் மகளை! சின்னண்ணன் பதறவில்லை. “பார்சல் ஊருக்குப் போறவங்களுக்குக் குடு. நாங்க உக்காந்து சாப்புட வந்தோம்” என்று இரண்டு இலையை அவரே விரித்தார். செல்வி தனக்குள் பேசியதைத் திரும்பிப் பார்த்தவரிடம், “அவகிட்ட யாரோ பேசிக்கினு இருக்காங்க. நீங்க உங்க எலையப் பாருங்க” என்றார். அந்தப் பார்சலை நான் மறக்கவே இல்லை.

சின்னண்ணன் கருமாதியன்று பந்தி போட்டோம். சொந்தபந்தம் அத்தனையும் இருந்தது. பெரியண்ணன் முதல் வரிசையில் உட்கார வந்தார். “ஹோமுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். சாயங்காலம் வண்டி வரும்” என்றார்.

காலையிலேயே கட்டி வைத்திருந்த கேரிபேக்கை அவர் கையில் திணித்தேன்.

“உனக்குத்தாண்ணா பார்சல். செல்வி என்கூட இருப்பா. வண்டி வந்தா நீ ஏறிப் போ.”

அவர் முகம் செத்துப்போனது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டியபோது என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் உட்காரவிருந்த இலையில் செல்வியை உட்காரவைத்தேன். அவள் சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டேன். “மொதல் வாய் அத்தைக்கு.” என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் ஆறிப்போனது. பிறகு சாப்பிட்டாள்.

சின்னண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த முதல் வாய்தான். நான் இருக்கிறவரை அவளுக்குச் சாப்பிட்டுக் காட்டுவேன். பெரியண்ணன் இந்தப் பக்கம் வந்தால் பார்சலும் தயாராக இருக்கும்.