தண்ணீர்மலை அண்ணனின் பெயர்

"அக்கா, மாமா போயிட்டாங்க" என்று வெள்ளிக்கிழமை காலை மீனா அழைத்துச் சொன்னாள். எந்த மாமா என்று நான் கேட்கவில்லை. மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள் அவள். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் ஸ்டோரில் என்னோடு வேலை பார்த்த தண்ணீர்மலை அண்ணன்தான் போய்விட்டார். அவரோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்துபோன உங்களுக்காக இதை எழுதுகிறேன். அழுது முடித்துவிட்டேன், சிரிக்காமல் அவரை நினைக்க எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோயில் இருக்கும் மலையின் பெயரை மனிதருக்கு வைப்பார்களா என்று அவரைக் கேலி செய்தேன். அவர் கோபப்படவில்லை. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்தத் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டு, ஊர் திரும்பியதும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்களாம். "கோயில் இங்க இருக்கு லா, பேரு அங்க போய் பெருகிருச்சு" என்பார். ஒருமுறை காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் யாரோ "தண்ணீர்மலை" என்று கூப்பிட, அவரோடு இன்னும் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்களாம். மூவரில் ஒருவரும் பினாங்கைப் பார்த்ததில்லை. மலையே தன் சொந்த நிலம் என்பதுபோல அவர்களிடம் நன்றாக அளந்துவிட்டு வந்திருக்கிறார்.

பேரன் பிறந்ததும் வழக்கப்படி தாத்தா பெயரை அவனுக்கு வைத்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மீனா அதை எப்படிச் சொல்லுவாள்? 'ராஜா' என்று கூப்பிட்டாள். வீடே அப்படிக் கூப்பிட்டது. தன் வீட்டில் அந்தப் பெயர் ஒலிப்பதைக் கேட்காமலே போய்விடுவோமோ என்று அவருக்கு உள்ளூர வருத்தம். திட்டும்போதாவது பேரனை அந்தப் பெயரால் கூப்பிடச் சொல்லி மீனாவிடம் கெஞ்சியும் பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாளாம்.

போன தைப்பூசத்தன்று நானும் அவர்களோடு இருந்தேன். தண்ணீர்ப் பந்தல் அருகே நெரிசலில், மீனாவின் கையிலிருந்து நாலு வயதுப் பையன் நழுவிவிட்டான். "ராஜா, ராஜா" என்று தேடினாள். அந்தக் கூட்டத்தில் எத்தனை ராஜாக்களோ. கடைசியில் அடிவயிற்றிலிருந்து "தண்ணீர்மலை" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் கையைத் தூக்கி அரோகரா போட்டார்கள். பையனோ எங்களுக்குப் பின்னால், அண்ணன் தோளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மீனா மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் கூப்பிடும்மா" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் ஒரு மாதம், கேண்டீனில் இதைத் தவிர வேறு கதை அவர் சொல்லவில்லை.

அவரை வழியனுப்பிவிட்டு எல்லோரும் வீடு திரும்பினோம். சாப்பாடு போட்டார்கள். மீனா வாசலுக்கு வந்து, அத்தனை உறவுக்காரர்களும் பார்த்திருக்க, "தண்ணீர்மலை, சாப்பிட வாப்பா" என்றாள். பையன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் இன்னொரு தரமும் கூப்பிட்டாள். அண்ணனின் நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டாவது அழைப்பைத்தான்.