பேச்சியம்மாவின் மின்கம்பி

போன ஞாயிறு காலை பேச்சியம்மா வந்தபோது கூடையில் காரட் இல்லை, பீன்ஸ் இல்லை. ஒரே ஒரு கடிதம் இருந்தது. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மா பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் வழியில், அட்டுவம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கும் காய் கொண்டுவருவார்.

“டீச்சர், கம்பெனிக்காரங்க அனுப்பியிருக்காங்க. படிச்சுச் சொல்லுங்க. என்னைய ஜெயில்ல போட்ருவாங்களா?”

படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் முறைத்தார். சிரித்தது தப்புதான்... ஆனால் கதையைக் கேட்டால் நீங்களும் அதே தப்பைச் செய்வீர்கள்.

போன வருஷம் எங்கள் மலைப் பகுதியின் மின்கம்பிகளைப் பராமரிக்கும் வேலையை சர்க்கார் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதற்குப் பந்தல், மேடை, மாலை எல்லாம் உண்டு. “இனிமேல் உங்களைக் கவனிக்க ரெண்டு பேர்” என்றார் மேடையில் ஒரு பிரமுகர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். குளிருக்கு இதமாக இருந்தது.

ஆடிக் காற்றில் பேச்சியம்மாவின் தோட்டத்தில் மின்கம்பம் சாய்ந்து, கம்பி தலை உயரத்துக்குத் தொங்கிவிட்டது. பூண்டோ எடுக்கிற பதத்தில் இருக்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கம்பிக்குக் கீழே இறங்க ஆள் யாரும் வரவில்லை. வருவார்களா? கூலி வாங்க உயிர் வேண்டாமா?

பஸ் ஏறி சர்க்கார் ஆபீஸுக்கு வந்தார் பேச்சியம்மா.

“அது கம்பெனி சோலிம்மா. அங்க போங்க.”

கம்பெனிக்குப் போனார்.

“கம்பி கவர்மென்ட் சொத்து. ஆர்டர் இல்லாம நாங்க தொடக்கூடாது. அங்க போங்க.”

இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை நானும் கூடப் போனேன். பள்ளிக்கூட டீச்சர், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் வேலை நடக்கும் என்று எனக்கு ஒரு மூடநம்பிக்கை. நடந்தது. எதிர் ஆபீஸுக்குப் போகும்படி இங்கிலீஷிலேயே சொன்னார்கள்.

கவனிக்க ரெண்டு பேர் என்று மேடையில் சொன்னது பொய்யில்லை. ரெண்டு பேரும் ஒருவரையொருவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் பள்ளத்துப் பாத்திகளில் தண்ணீர் நின்று பூண்டு அழுக ஆரம்பித்துவிட்டது. “கண்ணு முன்னாடி அழுகிக் கெடக்கு டீச்சர்” என்று அவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? அதற்கும் ஆள் வேண்டுமே.

கடைசியில் பேச்சியம்மாவும் அவர் கொழுந்தனாரும் ஒரு காரியம் செய்தார்கள். யூகலிப்டஸ் மரத்தில் நீளமான கவட்டைக் கழி ஒன்றை வெட்டி, நுனியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, கம்பிக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் கரண்ட் போகிற நேரமாகப் பார்த்து. அது ஒன்றுதான் எங்கள் ஊரில் நேரம் தவறுவதில்லை. (தயவுசெய்து நீங்கள் செய்து பார்க்காதீர்கள். கரண்ட் என்றைக்காவது சீக்கிரம் வந்து தொலைக்கும்.)

நாலே நாளில் வந்தது அந்தக் கடிதம். பதிவுத் தபாலில்.

“எங்கள் பராமரிப்பில் உள்ள மின்கம்பியில் தாங்கள் அனுமதியின்றிக் குறுக்கிட்டிருப்பது தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.” கீழே கம்பெனியின் முத்திரை. பக்கத்தில், பார்த்து ஒப்புதல் அளித்ததாக சர்க்கார் ஆபீஸின் முத்திரை.

நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிகிறதா? ஒன்றரை மாதமாக அநாதையாகத் தொங்கிய கம்பிக்கு ஒரே நாளில் ரெண்டு சொந்தக்காரர்கள்!

“பேச்சியம்மா, ஜெயிலெல்லாம் இல்லை. கம்பி அவங்களோடதுதான்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க.”

அவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. திங்கள்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து கம்பெனி ஆபீஸ் மேஜையில் கடிதத்தை விரித்து வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். இங்கிலீஷ் பேசவில்லை.

“உங்க கம்பிதானங்க சார்? முத்திரையெல்லாம் போட்ருக்கீங்க. அப்ப வெரசா வந்து தூக்கிக் கட்டுங்க. இல்லைன்னா, உங்க கம்பி இல்லைன்னு இதே மாதிரி எழுதி முத்திரை போட்டுக் குடுங்க.”

அதிகாரி தன் கடிதத்தைத் தானே மூன்று தடவை படித்தார்.

மறுநாள் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். கம்பம் நிமிர்ந்தது. மேட்டுப் பாத்திப் பூண்டு தப்பியது. பள்ளத்தில் இருந்தது போனது போனதுதான். அதற்கு விளக்கம் கேட்டு யாருக்கும் பதிவுத் தபால் போகவில்லை.

ஆனால் பேச்சியம்மா நியாயஸ்தி. “ஏழு நாள்ல விளக்கம் கேட்டிருக்காங்களே டீச்சர், எழுதிக் குடுங்க” என்று வந்து நின்றார். எழுதிக் கொடுத்தேன்.

“ஐயா, கம்பியின் சொந்தக்காரரைத் தேடித்தான் அந்தக் கழியை நட்டோம். கிடைத்துவிட்டார். கழியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்... மறுபடியும் அவர் காணாமல் போனால் வேண்டியிருக்கும்.”